இருபத்தைந்து வயதுவரை வார்டி எங்கே இருந்தார்?

கேள்வி: வார இறுதி இரவுகளில் நானும் என் மகனும் சேர்ந்து பிரீமியர் லீக் ஆட்டங்களைப் பார்ப்போம். 2025-இல் ஜேமி வார்டி லெஸ்டர் சிட்டியை விட்டுப் போனபோது அவரைப் பற்றி நிறைய எழுதினார்கள். ஒரு காலத்தில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடியவர், 25 வயதுவரை கீழ்நிலை லீகுகளைத் தாண்டாதவர், 29 வயதில் இங்கிலாந்து சாம்பியன் என்று படித்து அசந்துபோனேன். எட்டு வயதுப் பையன்களைக்கூட விட்டுவைக்காமல் தேடித் தேடிப் பிடிக்கிற நாட்டில் இவரை எப்படி எல்லாரும் கோட்டை விட்டார்கள்? அவர்களுக்குக் கண் தெரியவில்லையா, இல்லை இவர்தான் பிற்பாடு ஆட்டத்தைக் கற்றுக்கொண்டாரா? ஒரு வருஷம் கோலாக அடித்துத் தள்ளிய ஸ்ட்ரைக்கர் மறுவருஷம் இருந்த இடம் தெரியாமல் போகிறாரே, அது ஏன்? அவர்கள் பிழைப்பு அங்கே எப்படித்தான் ஓடுகிறது?

– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்கள் சொன்ன இரண்டு காரணமும் ஓரளவு உண்மை. முதலில் கோட்டைதான் விட்டார்கள். பிறகு அவரும் நிறையக் கற்றுக்கொண்டார். ஆனால் இந்த இரண்டையும்விடப் பெரிய மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. ஸ்ட்ரைக்கர் அடிக்கிற கோல் அவர் பெயரில் எழுதப்படுகிறது. அதில் பாதி அந்த அணி ஆடுகிற விதத்துக்குச் சொந்தம். வார்டியின் கதையே இதற்கு நல்ல சாட்சி. அதை வரிசையாகப் பார்த்தால் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் விடை வந்துவிடும்.

பதினாறு வயதின் வாசல்

வார்டி 1987 ஜனவரியில் ஷெஃபீல்டில் பிறந்தவர். சிறுவயதிலிருந்து தன் அபிமானக் கிளப்பான ஷெஃபீல்டு வெட்னஸ்டேயின் இளையோர் அணியிலேயே இருந்தார். 16 வயதில், உருவம் போதவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனம் வெறுத்துச் சிலகாலம் பந்தையே தொடவில்லை. வேடிக்கை என்னவென்றால், அனுப்பிய பிறகுதான் அவர் மளமளவென்று வளர்ந்தார்.

இங்கிலாந்து அகாடமிகளில் 16 வயது ஒரு பெரிய வாசல். அதைத் தாண்டுகிறவர்களுக்கு இரண்டு ஆண்டு ஸ்காலர்ஷிப். 18 வயதில் இன்னொரு வாசல். அங்கே தேறினால்தான் தொழில்முறை ஒப்பந்தம். இந்த வாசல்களில் திரும்பிப் போகிறவர்களே அதிகம். அந்த வயதில் எல்லாப் பையன்களும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஒருவன் ஆறடி, அரும்புமீசை. பக்கத்தில் நிற்பவன் இன்னும் சிறுவன். இளையோர் ஆட்டங்களில் பெரிய உடம்பு ஜெயித்துவிடும். சிறிய ஸ்ட்ரைக்கரைத் தடுப்பாட்டக்காரன் தோளால் ஒரு தள்ளுத் தள்ளினால் கதை முடிந்தது. அவன் எந்த இடத்துக்கு ஓடினான், எப்போது ஓடினான் என்பது பார்க்கிறவர் குறிப்பேட்டில் ஏறாது.

வார்டி மட்டும் இப்படி வெளியே நின்றவர் இல்லை. இயன் ரைட் பல கிளப்புகளில் தேர்வாகாமல், ஏறக்குறைய 22 வயதில்தான், 1985-இல், கிரிஸ்டல் பேலஸில் சேர்ந்தார். பிறகு ஆர்சனலுக்காக 185 கோல் அடித்தார். ஹாரி கேனைச் சிறுவனாக இருந்தபோது ஆர்சனல் வேண்டாம் என்றது. அவர் போய்ச் சேர்ந்த எதிரிக் கிளப்பான டாட்டன்ஹாமுக்கு 280 கோல் அடித்து அதன் சாதனையாளர் ஆனார். ரிக்கி லாம்பர்ட்டை லிவர்பூல் 15 வயதில் அனுப்பியது. ஆக, கண் தெரியவில்லையா என்று கேட்டால், 16 வயதுப் பையனைப் பார்த்து 26 வயது ஆட்டக்காரனைச் சொல்லும் கண் யாருக்கும் இல்லை. அதிலும் ஸ்ட்ரைக்கர் விஷயத்தில் அது இன்னும் கஷ்டம்.

கீழேயிருந்து மேலே

கதை அங்கேயே முடிந்திருக்கும். முடியாததற்குக் காரணம் இங்கிலாந்துக் கால்பந்தின் அமைப்பு. பிரீமியர் லீகில் 20 கிளப்புகள். அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ; ஒவ்வொன்றிலும் 24. மொத்தம் 92. அதோடு நிற்பதில்லை. ஐந்தாம் நிலையில் நேஷனல் லீக், அதற்குக் கீழே வடக்கு, தெற்கு என்று பிரிந்து, பிறகு வட்டார லீகுகளாகக் கிளைவிட்டுப் போகும். இவற்றையெல்லாம் சேர்த்து 'நான்-லீக்' என்பார்கள். ஒவ்வொரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவே கதவு திறந்தே இருக்கிறது. ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. கிளப்புக்கு மட்டுமல்ல, ஆட்டக்காரருக்கும் இதுதான்.

வார்டி ஷெஃபீல்டுக்கு அருகே ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற சிறு கிளப்பில் ஆடினார். எட்டாம் நிலையிலிருந்த அணி. நீங்கள் படித்த வாரம் 30 பவுண்டு அங்கே வாங்கியதுதான். பகலில் மருத்துவத் துணைக்கருவிகள் செய்யும் ஆலையில் வேலை. கை, கால்களைத் தாங்கிப் பிடிக்கும் பட்டைகளை அங்கே செய்வார்கள். 2007-இல் ஒரு கைகலப்பு வழக்கில் தண்டனை பெற்று ஆறு மாதம் கணுக்காலில் மின்னணுக் காப்பு மாட்டியிருந்தார். மாலை 6 மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. வெளியூர் ஆட்டமென்றால் சுமார் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, பாதியில் மைதானத்தைவிட்டு இறங்கி, பெற்றோர் காரில் ஏறி வீட்டுக்கு ஓட வேண்டும்.

2010-இல் ஹேலிஃபேக்ஸ் டவுன் 15,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. அந்த சீசனில் அணி லீகை வென்று மேலே போனது. 2011 ஆகஸ்டில் ஃப்ளீட்வுட் டவுன் வாங்கியது. 24 வயதில், அங்கேதான் அவர் முதன்முதலாக முழுநேர ஆட்டக்காரர் ஆனார். ஐந்தாம் நிலையில் அந்த ஒரே சீசனில் 31 லீக் கோல். ஃப்ளீட்வுட்டும் தன் வரலாற்றில் முதல்முறையாக 92-க்குள் நுழைந்தது. 2012 மே மாதம் லெஸ்டர் சிட்டி 10 லட்சம் பவுண்டு கொடுத்தது. நான்-லீக் ஆட்டக்காரர் ஒருவருக்கு அதுவரை அவ்வளவு விலை யாரும் கொடுத்ததில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இப்படி ஏறி வருகிறவர்களில் ஸ்ட்ரைக்கர்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். தடுப்பாட்டக்காரன் நல்லவனா என்று தெரிந்துகொள்ள நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரைக்கரின் எண்ணிக்கை பேப்பரிலேயே வந்துவிடும். 31 கோல் என்றால் நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மேனேஜர் காதிலும் அது விழும். அதே எண்ணிக்கைதான் ஏமாற்றவும் செய்யும். ஐந்தாம் நிலைத் தடுப்பாட்டக்காரன் விட்டுக் கொடுக்கிற இரண்டு கஜ இடத்தை இரண்டாம் நிலையில் இருப்பவன் விடமாட்டான். லெஸ்டர் போட்ட பணம் அதனால் ஒரு சூதாட்டம்தான். முதல் வருஷம் அது தோற்றுவிட்டதுபோலவே தெரிந்தது.

4, 16, 5, 24

2012-13 சாம்பியன்ஷிப்பில் வார்டி அடித்தது 4 லீக் கோல். ரசிகர்கள் திட்டினார்கள். ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று அவர் யோசித்தார். மேனேஜர் நைஜல் பியர்சனும் துணைப் பயிற்சியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியரும் உட்காரவைத்துப் பேசி, நம்பிக்கை சொல்லி நிறுத்தி வைத்தார்கள். அந்த சீசன் முடிவில் மேல் லீகுக்கு ஏறுவதற்காக வாட்ஃபோர்டுக்கு எதிராக ஆடிய பிளே-ஆஃபின்போது எடுத்த ஒரு படம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. லெஸ்டரின் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் வார்டி. இன்னொருவர் டாட்டன்ஹாமிலிருந்து லோனில், அதாவது இரவலாக, வந்திருந்த 19 வயது ஹாரி கேன். இரண்டாம் நிலை அணி ஒன்றின் முதல் பதினோரு பேரில் இருவருக்கும் இடமில்லை. மூன்றே வருஷம் கழித்து, 2015-16 பிரீமியர் லீகின் கோல் பட்டியலில் கேன் 25 கோலோடு முதலிடம். வார்டி 24 கோலோடு அவருக்கு அடுத்து.

வார்டியின் முதல் நான்கு லெஸ்டர் சீசன்களின் லீக் கணக்கைப் பாருங்கள்: 4, 16, 5, 24. ஆள் அதே ஆள். கிளப் அதே கிளப். இரண்டாவது வருஷத்து 16 சாம்பியன்ஷிப்பில் அடித்தது. அந்த வருஷம் லெஸ்டர் லீகை வென்று மேலே போனது. மூன்றாவது வருஷத்து 5 பிரீமியர் லீகின் முதல் அனுபவம்; அணி கடைசி வாரங்களில்தான் தப்பித்தது. நான்காவது வருஷம் சாம்பியன். மூன்றாவது வருஷத்துக்கும் நான்காவது வருஷத்துக்கும் நடுவே வார்டி புதிதாக ஓடக் கற்றுக்கொள்ளவில்லை. மேனேஜராகக் கிளாடியோ ரானியெரி வந்தார். பந்தைப் பறிப்பதற்கென்றே பிறந்தவர்போல எங்கோலோ கான்டே வந்து சேர்ந்தார். டேனி டிரிங்வாட்டரும் ரியாத் மாரெஸும் பந்து கிடைத்த மறுவினாடி முன்னால் அனுப்பினார்கள். லீகிலேயே பந்தை மிகக் குறைவாக வைத்திருந்த அணிகளில் ஒன்றாக இருந்துகொண்டு லெஸ்டர் கோப்பையை வென்றது. எதிரணி பந்தை வைத்துக்கொண்டு முன்னேறி வரும்; அதன் முதுகுக்குப் பின்னால் பாதி மைதானம் காலியாகக் கிடக்கும். வார்டிக்கு வேண்டியது அந்தக் காலி இடம்தான்.

2015 நவம்பர் 28 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக அவர் அடித்த கோலை மகனோடு உட்கார்ந்து ஒருமுறை தேடிப் பாருங்கள். யுனைடெட்டுக்குக் கார்னர் கிக். பந்து லெஸ்டர் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேல் கையில் சிக்குகிறது. அவர் ஒரு வினாடிகூடத் தாமதிக்காமல் கிறிஸ்டியன் ஃபுக்ஸுக்கு எறிகிறார். ஃபுக்ஸ் பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டி ஓடுகிறார். வார்டி வலப்பக்கம், தடுப்பாட்டக்காரரின் தோளை ஒட்டி, ஆஃப்சைடு ஆகாமல் ஓட்டத்தை வளைத்து ஓடுகிறார். ஃபுக்ஸின் பாஸ் சரியான இடைவெளியில் வருகிறது. வார்டி யுனைடெட் கோல்கீப்பர் தே ஹேயாவைத் தாண்டி எதிர்ப்பக்கக் கம்பத்தை ஒட்டி உள்ளே தட்டிவிடுகிறார். தொடர்ந்து 11 பிரீமியர் லீக் ஆட்டங்களில் கோல் அடித்த சாதனை அந்தக் கோலில்தான் பிறந்தது. அதற்குமுன் 10 ஆட்டங்களோடு அந்தச் சாதனையை வைத்திருந்தவர் ரூட் வான் நிஸ்டல்ராய். பிற்பாடு, வார்டியின் கடைசி லெஸ்டர் சீசனின் நடுவில், அதே நிஸ்டல்ராய்தான் லெஸ்டர் மேனேஜராக வந்தார்.

அந்தக் கோலில் வார்டியின் வேகமும் நிதானமும் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் ஷ்மைக்கேல் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லாரும் முன்னால் போகட்டும் என்று காத்திருந்தால், அந்த ஓட்டத்துக்கு மதிப்பே இல்லை. 2016 கோடையில் ஆர்சனல் அழைத்தபோது வார்டி போகவில்லை. பந்தைப் பொறுமையாகச் சுற்றிச் சுற்றி ஆடுகிற, எதிரணி தன் பெனால்ட்டி பாக்ஸை அடைத்துக்கொண்டு நிற்கிற கிளப் அது. அங்கே போயிருந்தால் அவர் ஓடுவதற்கு இடமே இருந்திருக்காது என்பது என் கணிப்பு. மறுவருஷம் எதிரணிகள் லெஸ்டருக்கு எதிராகவும் பின்வாங்கி நின்றபோது அவருடைய கணக்கு 13-ஆக இறங்கியதையும் சேர்த்துப் பாருங்கள்.

மறுவருஷம் எங்கே போகிறார்கள்?

பில்லி ஷார்ப் என்று ஒருவர். அவரும் ஷெஃபீல்டுக்காரர். 2006-07-இல் ஸ்கன்தார்ப் அணிக்காக லீக் ஒன்னில் 30 லீக் கோல் அடித்தார், அணி சாம்பியன். உடனே ஷெஃபீல்டு யுனைடெட் சுமார் 20 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த சீசனில் லீகில் அவர் அடித்தது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். பல கிளப்புகள் சுற்றிவிட்டு 2015-இல் அதே ஷெஃபீல்டு யுனைடெட்டுக்குத் திரும்பினார். 2016-17-இல் கேப்டனாக மறுபடியும் 30 லீக் கோல், மறுபடியும் லீக் ஒன் சாம்பியன். 2019-இல் அவர் தலைமையில் அந்த அணி பிரீமியர் லீகுக்கே போனது. நடுவிலே அவர் ஆட்டத்தை மறந்துவிட்டு மீண்டும் நினைவுக்குக் கொண்டுவந்தாரா என்ன?

லாம்பர்ட் இன்னொரு வகை. வேகம் கிடையாது. பிளாக்பூல் அவரை விட்டுவிட்டபோது சில மாதங்கள் பீட்ரூட் அடைக்கும் ஆலையில் ஜாடிகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். மேக்கில்ஸ்ஃபீல்டு, ஸ்டாக்போர்ட், ரோச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று கீழ் லீகுகளையே சுற்றி வந்தவர், 2009-இல் சவுத்தாம்ப்டன் சேர்ந்தார். அந்த அணியின் ஆட்டமே அவர் காலடியைச் சுற்றித்தான் நடந்தது. உயரமாக வரும் பந்தை மார்பில் வாங்கி நிறுத்தி, பின்னால் வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு மெதுவாகப் பெனால்ட்டி பாக்ஸுக்குள் போவார். சவுத்தாம்ப்டனுக்காக எடுத்த 34 பெனால்ட்டிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. லீக் ஒன்னிலிருந்து இரண்டே வருஷத்தில் இரண்டு படி ஏறி, 2012-13 பிரீமியர் லீகில் 15 கோல். 2013 ஆகஸ்டில், 31 வயதில், வெம்ப்ளியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து சட்டையில் முதல்முறை இறங்கி, முதல் தொடுதலிலேயே தலையால் முட்டி வெற்றிக் கோலை அடித்தார். 2014-இல், சிறுவயதில் தன்னை அனுப்பிய லிவர்பூலுக்கே போனார். அங்கே லீகில் 2 கோல். லிவர்பூலில் ஆட்டம் அவரைச் சுற்றி நடக்கவில்லை. பெரும்பாலும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆட வேண்டியிருந்தது.

ஆக, எண்ணிக்கை சரிவதற்கு முதல் காரணம் பந்து வருகிற வழி மாறிப்போவது. மேனேஜர் மாறலாம், பாஸ் கொடுத்தவர் விற்கப்படலாம், புதுக் கிளப்பில் ஸ்ட்ரைக்கரை ஓரத்தில் ஓடவிடலாம்.

இரண்டாவது காரணம் அதிர்ஷ்டம். இதைப் புரிந்துகொள்ள இப்போது 'எக்ஸ்பெக்டட் கோல்ஸ்' என்ற கணக்கு வைத்திருக்கிறார்கள். இதே இடத்திலிருந்து, இதே கோணத்தில் அடித்த பழைய ஷாட்டுகளில் எத்தனை உள்ளே போயின என்று பார்த்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு மதிப்புப் போடுவார்கள். பெனால்ட்டியின் மதிப்பு முக்காலுக்குச் சற்று மேல். தூரத்திலிருந்து அடிக்கிற ஷாட்டுக்குப் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஒருவருக்குக் கிடைத்த வாய்ப்புகளின் மதிப்பு மொத்தம் 12; அடித்ததோ 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டில் கொஞ்சம் திறமை, நிறைய அதிர்ஷ்டம். மறுவருஷம் 12-ஐ ஒட்டித்தான் இறங்குவார். அப்போது எல்லாரும் அவர் ஆட்டம் போய்விட்டது என்பார்கள். முன்பு கிடைத்த வாய்ப்புகள் இப்போதும் கிடைத்துக்கொண்டிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. வாய்ப்பே வராமல் போனால்தான் கவலை. இன்று பல கிளப்புகள் ஸ்ட்ரைக்கரை வாங்கும்முன் கோல் எண்ணிக்கையோடு இந்தக் கணக்கையும் பார்க்கின்றன.

மூன்றாவது, மனம். நான்கு ஆட்டம் கோல் இல்லையென்றால் மேனேஜர் உட்காரவைப்பார். பத்து நிமிஷம் மட்டும் கிடைக்கும்போது அவசரம் வரும். அவசரப்பட்டு அடிக்கிற பந்து மேலேதான் போகும். 2013-இல் லெஸ்டர் வார்டியை விற்றுத் தொலைத்திருந்தால் நாம் இன்று அவர் பெயரையே பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

பிழைப்பு

டிவியில் நாம் பார்ப்பது கூட்டத்தின் உச்சியில் இருக்கிற சிலரை. கீழே லீக் ஒன், லீக் டூவில் பெரும்பாலானோர் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்ற ஒப்பந்தங்களில் வாழ்கிறார்கள். ஒப்பந்தங்கள் ஜூன் 30-இல் முடியும். அதற்குமுன், சீசன் ஓய்ந்ததும், யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று ஒவ்வொரு கிளப்பும் பட்டியல் வெளியிடும். அதில் பெயர் விடுபட்டவர் ஜூலையில் ஊர் ஊராகப் போய், சோதனை ஆட்டக்காரராகச் சில ஆட்டங்கள் ஆடிக் காட்ட வேண்டும். அந்த முன்சீசன் ஆட்டங்களின் அணிப் பட்டியலில் அவருக்குப் பெயர்கூட இருக்காது; 'டிரயலிஸ்ட்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். பத்து வருஷம் லீகில் ஆடி நூறு கோல் அடித்தவரும் அந்த ஒரு சொல்லாக நிற்க நேரிடும்.

சம்பளத்திலும் பல பகுதிகள். அடிப்படைத் தொகை, ஆடினால் ஒரு தொகை, கோல் அடித்தால் போனஸ். அணி கீழ் லீகுக்கு இறங்கினால் சம்பளம் குறையும் என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் இருக்கும். 1961 வரை நிலைமை இதைவிட மோசம். எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வாரம் 20 பவுண்டுக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பே இருந்தது. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டிய பிறகுதான் அது ஒழிந்தது. 1995-இல் வந்த போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்தவர் பழைய கிளப்புக்கு விலை எதுவும் கிடைக்காமலேயே வேறு கிளப்புக்குப் போகலாம் என்று ஆக்கியது. அதனால்தான் நன்றாக அடிக்கிற ஸ்ட்ரைக்கரின் ஒப்பந்தத்தில் ஒரு வருஷம்தான் பாக்கி என்றதும் கிளப் பதறுகிறது. இப்போது புதுப்பி, இல்லையென்றால் விற்றுவிடு என்பதுதான் கணக்கு.

இளைஞர்களுக்கு லோன் ஒரு பள்ளிக்கூடம். கேன் லேட்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என்று நான்கு இடம் போய்வந்தார். நார்விச்சில் கால் எலும்பு முறிந்தது, லெஸ்டரில் பெஞ்சு. அந்தப் பட்டியலை மட்டும் பார்த்து யாரும் அவரை வருங்கால இங்கிலாந்துக் கேப்டன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

உடம்பு எப்போது கைவிடும் என்பதும் யார் கையிலும் இல்லை. வெஸ்ட் ஹாமின் டீன் ஆஷ்டன் 2006-இல் இங்கிலாந்து அணியின் பயிற்சியில் கணுக்கால் முறிந்து, 2009-இல் 26 வயதிலேயே ஓய்வுபெற்றார். மைக்கேல் ஓவன் 17 வயதில் லிவர்பூலுக்காக முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தவர். 1999-இல் பின்தொடைத் தசை கிழிந்தது. 2001-இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருது வாங்கினாலும், வேகத்தையே மூலதனமாக வைத்திருந்த அவருடைய உச்சம் அதன்பின் திரும்பவில்லை. ஆலன் ஷியரரும் முழங்காலில் பெரிய காயம் கண்டவர்தான். ஆனால் அவரிடம் வேகத்தைத் தவிரவும் ஆயுதங்கள் இருந்தன: தலை, தோள், முதுகைக் கொடுத்துப் பந்தைக் காக்கும் பலம். 260 பிரீமியர் லீக் கோல்களோடு, 35 வயதில் நின்றார். அந்தச் சாதனையை இன்னும் யாரும் தொடவில்லை.

வார்டியின் உடம்பு ஏன் இவ்வளவு காலம் ஓடியது? பதின்வயதில் வாரத்துக்கு இரண்டு பெரிய ஆட்டம் ஆடி உடம்பைத் தேய்க்காததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது. 2018 உலகக் கோப்பைக்குப் பிறகு அவரே இங்கிலாந்து அணியிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். மற்றவர்கள் நாட்டுக்காக ஆடிய வாரங்களில் அவர் ஓய்வெடுத்தார். 2019-20-இல், 33 வயதில், 23 கோலோடு, லீகில் அதிகக் கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் வாங்கினார். அந்த வயதில் அதை வாங்கியவர் அவருக்குமுன் யாருமில்லை. 2025 மே மாதம் லெஸ்டருக்கான 500-ஆவது ஆட்டத்தில் 200-ஆவது கோலை அடித்து விடைபெற்று, 38 வயதில் இத்தாலியின் கிரெமோனேஸேவுக்குப் போனார்.

இங்கிலாந்தில் சந்தை சுருங்கும்போது வெளிநாடு போவது வழக்கம்தான். நம் இந்தியன் சூப்பர் லீகுக்கும் சிலர் வந்தார்கள். டாட்டன்ஹாமில் கோல்களாகக் குவித்த ராபி கீன் கொல்கத்தாவிலும், திமிதார் பெர்பாதோவ் கொச்சியிலும் ஆடினார்கள். பிரீமியர் லீகில் கோல் அடித்த முதல் இந்திய வம்சாவளி வீரரான நியூகாசில் மைக்கேல் சோப்ராவும் கேரளா பிளாஸ்டர்ஸ் சட்டை போட்டவர்தான்.

இன்னொரு வார்டி?

அமைப்பு திறந்திருக்கும்வரை வரத்தான் செய்வார்கள். நான்-லீகில் ஆடுகிற திறமைசாலிகளைக் கிளப்புகள் கண்ணில் காட்டுவதற்கென்றே வார்டி 2016-இல் 'வி9' என்ற அகாடமியை அறிவித்தார். இன்று ஐந்தாம், ஆறாம் நிலை ஆட்டங்களைக்கூட வீடியோவில் பதிந்து கணக்கெடுக்கிறார்கள். ஆகவே 25 வயதுவரை யார் கண்ணிலும் படாமல் இருப்பது முன்போல நடக்காது. ஆனால் 16 வயதில் தவறாக அனுப்பிவிடுவது நிற்காது. வளர்ச்சி அவரவர் உடம்பின் கால அட்டவணைப்படிதான் வரும்.

கடைசியாக ஒன்று. அடுத்தமுறை ஆட்டம் பார்க்கும்போது கோல் விழுந்ததும் ரீப்ளேயில் ஸ்ட்ரைக்கரின் காலை மட்டும் பார்க்காதீர்கள். அதற்குமுந்தைய பத்து வினாடியைப் பாருங்கள்: பந்தை யார் பறித்தார், யார் முதலில் முன்னால் அனுப்பினார், ஸ்ட்ரைக்கர் எந்த நொடியில் ஓடத் தொடங்கினார். அந்தச் சங்கிலி ஆட்டத்துக்கு ஆட்டம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அவர் அடுத்த வருஷமும் அடிப்பார். மூன்று பெனால்ட்டி, இரண்டு தூரத்து ஷாட், ஒரு கோல்கீப்பர் தவறு என்று கணக்கு ஏறியிருந்தால் கொஞ்சம் பொறுத்துப் பேசுங்கள். முக்கியமாக, அந்தப் பாஸைக் கொடுத்தவரை கிளப் கோடையில் விற்கப்போகிறதா என்று பாருங்கள். விற்றுவிட்டால் ஸ்ட்ரைக்கருக்கு இறங்குமுகம்தான் என்று நீங்கள் ஆகஸ்டிலேயே உங்கள் மகனிடம் சொல்லிவிடலாம். டிவியில் அதைச் சொல்ல டிசம்பர் ஆகும்.